நாலாவது வேலைக்காரன்

சூடடிக்கிற மெசின்காரனின் தொழில் வட்டம் சுற்றுகிற தொழில்: காலையில் கிளம்பின இடத்திலேயே பின்னேரம் வந்து நிற்பான், நாள் முழுக்க ஓடியும் ஓரிடமும் போயிருக்க மாட்டான். மாதச் சம்பளம், நாட்கூலி, கொந்தறாத்து என்று ஏதோவொரு பெயரில் கூலிக்கு மாரடிக்கிற உங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் சுற்றுகிறவர்கள்தான். என்ன, நீங்கள் சுற்றுகிற இடத்தில் வைக்கோல் கிடக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சண்டைக் காலத்தில் நான் பழுகாமத்துப் பக்கம் ஒரு போடியாரின் உழவு மெசினை ஓட்டினேன். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயல்காரர். வெட்டின கதிரைக் களவெட்டியில் பரப்பி விடுவார்கள். நான் அதன்மேல் மெசினைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நெல்லை உதிர்க்க வேண்டும், சூடடிப்பு என்பது இதுதான். களவெட்டி வட்டம்தான், ஆனாலும் நாலு பக்கத்தையும் நாங்கள் மூலை என்றுதான் சொல்வோம். மூலைக்கு ஓராள் நீளக் கம்போடு நின்று, மெசின் தாண்டின கையோடு வைக்கோலைப் புரட்டிப் போடுவார். நான் சொல்லப்போகிற போகத்தில் ஆள் கிடைக்கவில்லை. இளந்தாரிகளில் பாதிப்பேர் வெளிநாடு, மீதிப்பேர் எங்கே என்று கேட்கக்கூடாத காலம். ஆகவே நாலு மூலைக்கு மூன்று பேர்தான். நாலாவது கம்பு ஆளில்லாத மூலையில் சும்மா குத்தி நின்றது.

களத்துப் பேச்சு

நான் ஆரையம்பதியான். கடையும் கடலும் தெரியும், களவெட்டி தெரியாது. முதல் நாள் தேத்தண்ணி வந்ததும் மெசினில் இருந்தபடியே ஆளை எண்ணி, இத்தனை கோப்பை காணும், அதாவது போதும், என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். போடியாரின் வயலைப் பொறுப்பாகப் பார்க்கிறவரும் அந்த மூவரில் ஒருவருமான நாகப்பர், கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். அந்த மனிதன் வேறு நேரத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அதட்ட மாட்டார்.

பிறகு களத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய் வகுப்பு எடுத்தார். களவெட்டிக்குள் கால் வைத்தால் வெளிப் பேச்சு பேசக்கூடாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி. வாய் அகன்ற கடகம் பெருவாயன். வைக்கோல் புரட்டுகிற கம்புக்கு வேலைக்காரன் என்று பெயர். 'காணும்', 'முடிஞ்சுது' என்ற சொற்களுக்கு உள்ளே வேலையே இல்லை. களத்தைச் சுற்றிப் பூதம் நிற்குமாம். எங்கள் பேச்சு அதற்கு விளங்கினால் விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் கூடாதாம். ஆளை எண்ணினால் என்ன என்று கேட்டேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எண்ணாத தம்பி. நாம ஆளை எண்ணினா, கேட்டுக்கொண்டு நிக்கிறதும் தன்னைச் சேர்த்து எண்ணும்."

மீன்காரனின் ரோசம்

சூடடிப்புக் காலத்தில் சாமித்தம்பி என்றொரு வாவி மீன்காரன் பறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வருவான். மீனைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு போவான். அது கூலியில்லை, மாற்று. அந்த வருசம் வாவியில் தோணி இறக்கத் தடை. கரையோரம் இடுப்பளவு தண்ணியில் நின்று கிடைத்ததைப் பிடிப்பான், கையளவு மணலை மீனும் கொஞ்சம் இறாலும். வீட்டில் பெண்சாதி பூரணமும் இரண்டு பிள்ளைகளும். அடுப்பு எரிகிற நாளைவிட எரியாத நாள் கூட என்று ஊருக்கே தெரியும்.

போடியாருக்கு மனம் கேட்கவில்லை. ஒரு மூலை சும்மாதானே கிடக்கிறது, நாளையிலிருந்து வந்து நில், மற்றவர்களுக்கு அளக்கிறதை உனக்கும் அளக்கிறேன் என்றார். சாமித்தம்பியின் முகம் கறுத்துப் போயிற்று. அந்தக் காலத்தில் கூலிக்காரன் என்பது ஒரு வசவு. சொந்த வயல் மரியாதை, சொந்தத் தோணி மரியாதை, இன்னொருவன் ஏவ நிற்பது சொல்லக்கூடாத சங்கதி. நானே என்னை யாரும் கேட்டால் 'மெசினில் இருக்கிறேன்' என்றுதான் சொல்வேன், கூலிக்கு ஓட்டுகிறேன் என்று வாயில் வராது. அவன் பறியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, போடியாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"எனக்கு வாவி படியளக்குது போடியார். எங்கட குடும்பத்தில கூலிக்குப் போனவன் எண்டு ஒருத்தன்ட பேர் இன்னும் விழல்ல."

நாலு

அதற்கு அடுத்த கிழமை, வெயில் ஏறி வருகிற நேரம். வயல் வட்டை முழுக்கக் கொக்குகள் ஒரே தரத்தில் எழும்பின. வரம்பு வழியே அவர்கள் வந்தார்கள். யார் என்று கேட்காதீர்கள். கையில் துவக்கோடு வந்தவர்கள் எல்லாரையும் நாங்கள் 'வந்தவங்கள்' என்றுதான் சொல்வோம். என் நாக்குக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அவர்கள் பேசின தமிழ் எங்கள் ஊர்த் தமிழ் இல்லை, அவ்வளவு சொல்லலாம். என்னை மெசினிலிருந்து இறக்கி ஒரு பக்கம் குந்தவைத்தார்கள். பிறகு ஒருவன் களத்தின் நடுவில் நின்ற நாகப்பரிடம், மெசின்காரனை விட்டுவிட்டு இங்கே எத்தனை வேலைக்காரன் என்று கேட்டான்.

நாகப்பர் நிற்பது களவெட்டிக்குள். உள்ளே ஆளை எண்ணுகிற வழக்கமே அவருக்கு இல்லை. வேலைக்காரன் என்றால் அங்கே கம்புதான். மூன்று பேரின் கையில் மூன்று, வெறும் மூலையில் குத்தி நிற்பது ஒன்று. யோசிக்காமல் நாலு என்றுவிட்டார். வரிசையில் நிறுத்திப் பார்த்தால் ஆள் மூன்று. மற்றவனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று பிடரியில் அடி விழுந்தது. நாகப்பர் கையை நீட்டி, அந்தக் கம்புதான் ஐயா நாலாவது வேலைக்காரன் என்றார். சேட்டை விடுகிறான் என்று அதற்கும் அடி. உள்ளதை உள்ளபடி சொல்லி இரண்டு தரம் அடி வாங்கின மனிதனை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அந்த நேரம் பார்த்து, பறியும் கையுமாகச் சாமித்தம்பி வரம்பில் வந்துகொண்டிருந்தான். இதோ நாலாவது என்று அவர்களில் ஒருவன் சொன்னான். இவன் இல்லை என்று நாங்கள் சொன்னால், அப்படியென்றால் நாலாவது ஆள் யார் என்று மறுபடியும் எங்களைத்தான் கேட்பார்கள். இல்லாத ஒருவனை நாங்கள் எங்கே போய்ப் பிடித்துக் கொடுக்கிறது? ஒருவர் வாயும் திறக்கவில்லை. பறி சரிந்து மீன் வரம்பில் துள்ளிக் கிடக்க, கையைப் பின்னுக்குக் கட்டி நடத்திக்கொண்டு போனார்கள். அவன் உயிருக்குக் கெஞ்சவில்லை. கழுத்தைத் திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்:

"நாகப்பர், இவங்களுக்குச் சொல்லுங்க, நான் கூலிக்காரன் இல்ல எண்டு."

உசிரோட இருக்கிறவனுக்கு

வந்தவங்கள் இருக்கிற இடமென்று பூரணம் ஏறி இறங்காத வாசல் இல்லை. பாலத்தடி, பள்ளிக்கூடத்தடி, மட்டக்களப்பு டவுன் என்று எல்லா இடமும் போய், மீன்காரன் சாமித்தம்பியைக் கண்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். அப்படியொரு மீன்காரனை ஒருவரும் காணவில்லை. கடைசியில் ஒரு வாசலில் நின்ற ஒருவன் மட்டும், மீன்காரன் எவனும் வரவில்லை, பழுகாமத்து வயல் கூலி ஒருவன் இருந்தான், அவனை வேறிடம் மாற்றியாயிற்று என்று சொன்னானாம். யோசித்துப் பாருங்கள். மீன்காரனாகத் தேடினால் அந்த மனிதன் உலகத்திலேயே இல்லை. கூலிக்காரனாகத் தேடினால் எங்கேயோ இருக்கிறான்.

அன்று பின்னேரம், கூலி அளக்கிற நேரம், அவள் களத்து ஓரத்தில் வந்து நின்றாள். பெண்கள் களவெட்டிக்குள் வருகிற வழக்கம் இல்லை. வெளியே நின்றபடியே, அவருடைய கூலியைத் தாருங்கள் என்றாள்.  அவன் இந்தக் களத்தில் ஒரு நாளும் வேலை செய்யவில்லையே என்று அவளிடம் எப்படிச் சொல்கிறது? சொன்னால் அந்த வாசல்காரன் சொன்ன கூலிக்காரனும் இல்லாமல் போய்விடுவான். ஒரு மூட்டை நெல்லை உதவியாக ஏற்றிக்கொண்டு போ பிள்ளை என்றார் போடியார். அவள் மூட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மற்ற மூவருக்கும் அளந்த அதே அளவைத்தான் கேட்டாள், மடியை விரித்தபடி நின்றாள். நாகப்பர்தான் அளந்து கொட்டினார், அரைவாசி மடிக்கு வெளியே சிந்தியது. 

"உதவி செத்த வீட்டுக்குத் தாறது போடியார். உசிரோட இருக்கிற ஆளுக்குத்தான் கூலி. அவர்ட கூலியத் தாங்க."

ஒதுங்கிப் போகிற மெசின்

அதற்குப் பிறகு ஒவ்வொரு போகமும் சூடடிக்கிற நாளெல்லாம் பூரணம் வந்தாள், கூலியை வாங்கிக்கொண்டு போனாள். போடியாரும் கொடுத்தார். கூலி கொடுத்தால் சாப்பாடும் கொடுக்க வேண்டுமே. என்னுடையது போக, மத்தியானம் நாலு இலையில் சோறு வரும். நாலாவது இலையை நாகப்பர் அந்த வெறும் மூலைக்கு வெளியே வைத்துவிட்டு வருவார். கொஞ்ச நேரம் செல்லப் பார்த்தால் சோறு இருக்காது. காகமோ நாயோ தின்றிருக்கும் என்று நானும் உங்களைப் போலத்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் இலை மடித்துக் கிடக்கும். சாப்பிட்ட மனிதன் தன் பக்கமாக மடிக்கிற மாதிரி, ஒழுங்காக. இது நாகப்பரின் வேலை என்று நினைத்து ஒரு நாள் கண் எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு முன்னால்தான் குந்திச் சாப்பிட்டார், கை கழுவினார், படுத்தார். அன்றும் இலை மடித்துத்தான் கிடந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை.

நாகப்பர் களத்துப் பேச்சையே விட்டுவிட்டார். களவெட்டிக்குள் நின்றுகொண்டு கம்பைக் கம்பு என்றார், நெல்லை நெல் என்றார். பூதம் கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார் போல. என் கதை வேறு. மெசின்காரனுக்குச் சுற்றுக்குச் சுற்று ஆள் நிற்கிற இடத்தில் கண் போகும், கை தானாக ஸ்டியரிங்கை வெட்டும். அது தொழில் பழக்கம். ஆளே இல்லாத அந்த மூலையிலும் என் கை வெட்டத் தொடங்கியது. எவ்வளவு மனதைக் கட்டிக்கொண்டு போனாலும் கிட்டப் போனதும் பிறேக்கில் கால் விழும். அந்தப் பக்கத்துக் கதிர் அடிபடாமல் அப்படியே கிடக்கும். போடியார் சில நாள் பார்த்தார். பிறகு மெசினை மறித்து, ஏச்சும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் கேட்டார்:

"தம்பி, அவனுக்குக் கூலி குடுக்கிறது நான். நீ ஏன் அவனுக்கு ஒதுங்கிப் போறாய்?"

அரைநாள் ஆள்

இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று என் ஊரிலிருந்தே ஓராளைக் கூட்டிவந்தேன். அதற்குள் காலம் மாறிவிட்டது. ஏதோ ஒரு நிறுவனம் வந்து வாய்க்கால் வெட்டக் காசு கொடுத்ததில் சனத்துக்கு மணிக்கணக்கு, ஓய்வு நேரம் எல்லாம் பழகியிருந்தது. கூலி என்று சொன்னால் முகம் சுளித்தவர்கள்கூடக் கொடுப்பனவு என்றால் முந்திக்கொண்டு போனார்கள். சொல் மாறினதும் வெட்கம் போய்விட்டது. நான் கூட்டிவந்தவன் வண்டியில் வரும்போதே பேரம் பேசத் தொடங்கினவன், வாவிப் பாலம் தாண்டியும் நிறுத்தவில்லை. நெல்லாக வேண்டாம், காசாக வேண்டும். வெயிலுக்குத் தனி, தேத்தண்ணிக்குத் தனி. மனிதன் கொழும்பில் கந்தோர் வைத்திருக்க வேண்டியவன்.

பழைய கதை ஒன்றும் அவனிடம் நாங்கள் சொல்லவில்லை. நாலாவது மூலையில் நிறுத்தினோம். எனக்கும் நிம்மதி, இனி உண்மையாகவே ஒரு ஆளுக்குத்தானே ஒதுங்குகிறேன். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி அவன் கம்பைக் குத்திவிட்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். காசு கூட்டித் தரச்சொல்லுகிறான் என்று போடியார் மடியில் கை வைத்தார். அவன் அதுவரை உழைத்ததற்குக்கூடக் கை நீட்டவில்லை. உதடு வெளிறிப் போயிருந்தது.

"அந்த மூலையில வைக்கல் நான் போக முதலே புரட்டிக் கிடக்கு. வேற ஒருத்தன் செய்யிற வேலைக்கு நான் காசு வாங்க மாட்டன்."

இண்டைக்கு

போடியார் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுத்ததும் மகன் பொறுப்புக்கு வந்தார். வெளிநாட்டில் பல வருசம் உழைத்த ஆள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், எங்கள் எல்லாருக்கும் கூலியைக் காசாக்கிக் கூட்டினார், நேரத்துக்குக் கொடுத்தார். ஆனால் வேலை செய்யாதவனுக்குச் சம்பளம் எந்த நாட்டிலும் இல்லை என்று பூரணத்திடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேண்டுமென்றால் காணாமல் போனவர்களுக்குக் கொடுக்கிற நட்டஈட்டுக்குத் தானே ஒழுங்கு பண்ணித் தருவதாகவும் சொன்னார்.  நட்டஈடு வாங்கினால் அவர் செத்தவர். கூலி நின்றாலும் அவர் செத்தவர். அவளுடைய நிலைமை எங்கள் எல்லாருக்கும் விளங்கியது, எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அடுத்த நாள் காலை நான் மெசினைக் களத்தில் ஏற்றும்போது நாலாவது மூலையில் ஆள் நின்றது.  பிறகுதான் பார்த்தேன், பூரணம். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தலையில் ஒரு துண்டு. அவருடைய வேலையை நான் செய்தால் அவருடைய கூலி வரும்தானே என்று நாகப்பரிடம் கேட்டாளாம். பெண்கள் களத்துக்குள் வரக்கூடாது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் போய்க் கம்பைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அன்று முழுக்க நான் சுற்றினேன், அவள் புரட்டினாள். கிட்டப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அவள் கண் வைக்கோலில் இல்லை. தனக்கு இரண்டு பக்கமும், பின்னாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் நாலு இலைதான் வந்தது. நாலாவது இலையை வாங்கிக்கொண்டுபோய் அந்த மூலையிலேயே குந்திச் சாப்பிட்டாள். இலையை அவள்தான் மடித்தாள்.

வெயில் சாய்கிற நேரம் அவள் கையைக் காட்டி மெசினை மறித்தாள். "தம்பி, இவடத்தயா நீ ஒதுங்கிப் போறாய்?" என்று கேட்டாள். ஓம் அக்கா என்றேன். அவள் அந்த இடத்தைவிட்டு விலகி நின்று, போ என்று தலையை அசைத்தாள்.  கண்ணை மூடாமல் ஓட்டினேன். சில்லுக்குக் கீழே கதிர் நெரிபட்டது, நெல் உதிர்ந்தது, வேறொன்றும் இல்லை. நான் தாண்டினதும் அவள் வந்து அந்த இடத்து வைக்கோலை அடியோடு புரட்டிப் பார்த்தாள். இன்னொரு தரமும் புரட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல் அடுத்த பக்கம் போனாள். கூலி கொடுக்கிற நேரம் சின்னப் போடியாருக்கு அவளைப் பார்க்கச் சங்கடம். அவள் எந்தச் சொல்லைக் கேட்க நிற்கிறாள் என்று தெரிந்து, இந்தாங்க அக்கா உங்கட புருசன்ட கூலி என்று மரியாதையாகவே நீட்டினார். அவள் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது என்ட கூலி தம்பி. அவர் இண்டைக்கு வேலைக்கு வரல்ல."

இந்தக் காலத்துச் சனத்துக்கு வேலை செய்ய மனமில்லை, கூலி வாங்கத்தான் கை நீளுது என்று யாரும் என்னிடம் வந்து தொடங்கினால், நானும் ஒரு கூலிக்காரன்தானே, ஓம் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, மிச்சம் காதில் விழாமல் மெசினைக் கொஞ்சம் பலமாக முறுக்கிவிடுகிறேன்.